இலவசத் தங்கலும் 25 ஆண்டு ஒப்பந்தமும்: மூணாறு விடுதிச் சலுகைகளின் உண்மை விலை என்ன?

மூணாறு: நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்வோருக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் தொடங்கிய கோடைப் பருவத்துக்கு, நாளொன்றுக்கு எத்தனை வாகனங்களை அனுமதிக்கலாம் என்ற வரம்பையும் சென்னை உயர் நீதிமன்றம் விதித்தது. இத்தகைய கட்டுப்பாடு இல்லாத கேரள எல்லை மலைகள், கோவை, திருப்பூர், தேனி மாவட்டக் குடும்பங்களுக்கு இயல்பான மாற்றாக இருக்கின்றன. உடுமலையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாகவும், போடியிலிருந்து போடிமெட்டு வழியாகவும் இடுக்கி மாவட்டத்தின் மூணாறை அடையலாம். பாலக்காடு மாவட்டத்தின் நெல்லியாம்பதிக்கு நென்மாறை, போத்துண்டி வழியாக ஏற வேண்டும்.

விடுமுறை நெருங்கும்போது இம்மலைகளில் அறை வாடகை உயரும். அதே நேரத்தில்தான் கைப்பேசிக்கு அழைப்பும் வரும். பெட்ரோல் நிலையத்திலோ வணிக வளாகத்திலோ நிரப்பிக் கொடுத்த கூப்பன் குலுக்கலில் தேர்வாகிவிட்டதாகவும், மூணாறில் இரண்டு இரவுகள் இலவசமாகத் தங்கலாம் என்றும் அழைப்பவர் கூறுவார். பரிசைப் பெறக் கணவனும் மனைவியும் சேர்ந்து நகரத்து ஓட்டல் ஒன்றுக்கு வர வேண்டும். கடன் அட்டை இருந்தால் நல்லது. குறிப்பிட்ட வருமானம் இருக்க வேண்டும். பரிசு கொடுப்பவர் பெறுபவரின் வருமானத்தை விசாரிப்பது ஏன் என்ற கேள்வியை அந்த இடத்திலேயே எழுப்பிக்கொள்வோர் குறைவு.

ஓட்டல் அரங்கில் ஒன்றரை மணி நேரமோ அதற்கு மேலோ நடப்பது விற்பனைக் கூட்டம். விற்கப்படும் பொருள் டைம்ஷேர் எனப்படும் விடுமுறை உறுப்பினர் திட்டம். இப்போது பெரும் தொகை ஒன்றைச் செலுத்தினால், ஆண்டுக்கு ஒரு வாரம் வீதம் பல ஆண்டுகளுக்கு நிறுவனத்தின் விடுதிகளில் தங்கலாம். 25 ஆண்டுத் திட்டம் இந்தியாவில் பரவலாக அறியப்பட்டது. கணவனையும் மனைவியையும் ஒன்றாக அழைப்பதில் வணிகக் காரணம் உண்டு: "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்து செல்லும் வாய்ப்பு அடைபடுகிறது. "இந்த விலை இன்று மட்டும்" என்ற வாசகமும் அதே நோக்கத்துக்கு உதவுகிறது.

இந்த வணிகம் பிறந்தது ஐரோப்பாவில். சுவிட்சர்லாந்தின் ஹாப்பிமாக் நிறுவனம் 1963இல் தொடங்கப்பட்டது. இந்தியாவில் இதைப் பரப்பியதில் சென்னைக்கு முக்கியப் பங்குண்டு. 1986இல் தொடங்கப்பட்ட ஸ்டெர்லிங் ஹாலிடே ரிசார்ட்ஸ் கொடைக்கானலை முன்னிறுத்தி நடுத்தர வகுப்பினருக்கு டைம்ஷேர் விற்றது. பின்னர் அந்நிறுவனம் நிதி நெருக்கடிக்கு உள்ளாகி, புதிய முதலீட்டாளர்களின் கைக்கு மாறி மீண்டு, தாமஸ் குக் இந்தியா குழுமத்துக்குள் சென்றது. 1996இல் தொடங்கப்பட்ட மஹிந்திரா ஹாலிடேஸ், கிளப் மஹிந்திரா என்ற பெயரில் வளர்ந்து 2009இல் பங்குச் சந்தைக்கு வந்தது. அதன் தொடக்கமே மூணாறு விடுதிதான். இவ்விரு நிறுவனங்களின் மூணாறு விடுதிகளும் சின்னக்கானல் பகுதியில் உள்ளன. அரிக்கொம்பன் யானையால் தமிழகமும் அறிந்துகொண்ட அதே சின்னக்கானல்.

ஆகவே டைம்ஷேர் என்றாலே மோசடி என்று ஒதுக்குவது சரியாகாது. ஒழுங்காக நடக்கும் நிறுவனங்கள் உள்ளன. மகிழ்ச்சியோடு ஆண்டுதோறும் சென்று வரும் உறுப்பினர்களும் உள்ளனர். ஆனால், "மலிவான தங்கல்" என்று அது விற்கப்படும்போது, மலிவுதானா என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கணக்குக்காக வரியுடன் 4 லட்சம் ரூபாய் உறுப்பினர் கட்டணம், 25 ஆண்டுகள், ஆண்டுக்கு 7 இரவுகள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 175 இரவுகள். விற்பனையாளர் வகுத்துக் காட்டும் விடை, ஓர் இரவுக்கு ஏறத்தாழ 2,286 ரூபாய். மூணாறின் நல்ல விடுதிக்கு இது மலிவுதான்.

விடுபட்டவை இரண்டு. முதலாவது, தங்கினாலும் தங்காவிட்டாலும் செலுத்த வேண்டிய ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம். அதை 20,000 ரூபாய் என்று கொண்டால், 18 சதவீத ஜிஎஸ்டியுடன் 23,600 ரூபாய் ஆகிறது. இரண்டாவது, முன்கூட்டியே கைமாறிய பணத்தின் மதிப்பு. அந்த 4 லட்சத்தை 7 சதவீத வட்டி தரும் இடத்தில் வைத்திருந்தால், 25 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் சுமார் 34,300 ரூபாய் எடுத்துச் செலவழித்திருக்கலாம். இரண்டையும் கூட்டி ஏழால் வகுத்தால் ஓர் இரவின் விலை 8,270 ரூபாயைத் தாண்டுகிறது. வேலை, பள்ளித் தேர்வு, முதியோர் உடல்நலம் ஆகியவற்றால் ஓர் ஆண்டில் நான்கு இரவுகள் மட்டுமே பயன்படுத்தினால் அது 14,480 ரூபாய். கடன் அட்டைத் தவணையில் வாங்கியிருந்தால் வட்டி தனி. உணவும் பயணச் செலவும் எப்போதுமே தனி. பராமரிப்புக் கட்டணமோ 25 ஆண்டுகளும் ஒரே தொகையாக நிற்பதில்லை.

விடுதி அறைக்கு ஓர் இரவு 7,500 ரூபாய் வரை வாடகை இருந்தால், 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம் மட்டுமே. முன்பு 12 சதவீதமாக இருந்தது. அறையை நேரடியாக எடுப்பவருக்குச் சாதகமான இந்த மாற்றம், உறுப்பினர் கட்டணத்துக்கும் பராமரிப்புக் கட்டணத்துக்கும் பொருந்தாது.

யாருக்கு லாபம்? ஆண்டுதோறும் தவறாமல் பயணம் செய்யும் குடும்பம். பள்ளி விடுமுறை, ஆண்டு இறுதி போன்ற நெருக்கடிக் காலத்தில் முன்கூட்டியே அறை பதிவு செய்யும் பழக்கம் உள்ளவர்கள். சமையலறையுடன் கூடிய பெரிய அறை தேவைப்படுவோர். ஆனால் நெருக்கடிக் காலத்துக்கான உரிமை, விலை கூடிய வகை உறுப்பினர்களுக்கே கிடைக்கும். பருவங்களை வண்ணங்களால் பிரித்து விற்பது இத்துறையின் வழக்கம். குறைந்த விலை வண்ணத்தை வாங்கியவர் மே மாதத்தில் மூணாறைக் கேட்டால் கிடைக்காது. அறை கிடைக்கவில்லை என்று வரும் புகார்களில் ஒரு பகுதி, இந்த வேறுபாடு கையெழுத்தின்போது தெளிவாகச் சொல்லப்படாததால் எழுவது.

நிலம் யாருடையது?

விற்பனைக் கூட்டங்களில் பேசப்படாத மற்றொன்று, விடுதி நிற்கும் நிலம். இந்தியாவில் இன்று விற்கப்படும் திட்டங்கள் பெரும்பாலும் தங்கும் உரிமையை மட்டுமே தருகின்றன. உறுப்பினருக்கு அறையிலோ நிலத்திலோ பங்கு இல்லை. நிறுவனம் சில விடுதிகளைச் சொந்தமாக வைத்திருக்கும். சிலவற்றைக் குத்தகைக்கு எடுத்திருக்கும். குத்தகை முடிந்தால் விடுதி பட்டியலிலிருந்து போகும். 25 ஆண்டு ஒப்பந்தம் நீடிக்கும்.

இடுக்கியில் இந்த அபாயம் சற்றுக் கூடுதல். அங்கு பட்டயம் வழங்கப்பட்ட நிலங்களில் பல, வேளாண்மைக்கும் குடியிருப்புக்கும் என ஒதுக்கப்பட்டவை. அவற்றில் விடுதிகள் எழுந்தது நெடுங்கால வழக்கு. 2007இல் அப்போதைய முதல்வர் வி.எஸ். அச்சுதானந்தன் அனுப்பிய சிறப்புக் குழு மூணாறில் சில கட்டடங்களை இடித்தது. ஆளும் கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்ததால் நடவடிக்கை பாதியில் நின்றது. இத்தகைய கட்டுமானங்களை முறைப்படுத்த வழிசெய்யும் நில ஒதுக்கீட்டுத் திருத்தச் சட்டம் 2023இல் கேரளப் பேரவையில் நிறைவேறி, 2024 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. மறுபுறம், ஏலமலைக் காப்புப் பகுதியில் புதிய பட்டயம் வழங்க உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் இடைக்காலத் தடை விதித்தது. நெல்லியாம்பதியிலும் குத்தகைக்கு விடப்பட்ட வன நிலத்தில் அமைந்த தோட்டங்கள் பலவற்றை அரசு மீட்டுள்ளது. ஆகவே குறிப்பிட்ட ஒரு மலை விடுதிக்காகவே உறுப்பினராகச் சேர்பவர், அந்த விடுதி நிறுவனத்துக்குச் சொந்தமா, குத்தகையா, குத்தகை எந்த ஆண்டு முடிகிறது என்று எழுத்தில் கேட்பது தேவையற்ற சந்தேகம் ஆகாது.

சட்டம் தரும் பாதுகாப்பு

ஐரோப்பிய ஒன்றியத்தில் டைம்ஷேருக்கெனத் தனிச் சட்டம் 1994 முதல் உண்டு. 2008ஆம் ஆண்டின் திருத்திய விதிப்படி, கையெழுத்திட்ட 14 நாள்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். அந்தக் காலத்தில் முன்பணம் வாங்குவதும் தடை. இந்தியாவில் அப்படியொரு தனிச் சட்டம் இல்லை. அகில இந்திய விடுதி மேம்பாட்டுச் சங்கம் தன் உறுப்பு நிறுவனங்களுக்கு வகுத்துள்ள நடத்தை விதிகள் தன்னார்வக் கட்டுப்பாடு மட்டுமே. சங்கத்தில் இல்லாத நிறுவனத்தை அவை கட்டுப்படுத்தா. இடைவெளியைச் சிலர் வேறு விதமாகவும் பயன்படுத்தியுள்ளனர். விடுமுறைத் திட்டம் என்ற பெயரில், தங்காதவர்களுக்கு வட்டியோடு பணம் தருவதாகக் கூறி நிதி திரட்டிய ராயல் ட்விங்கிள் ஸ்டார் கிளப் நிறுவனத்தின் திட்டம், அனுமதியற்ற கூட்டு முதலீட்டுத் திட்டம் என 2015இல் செபி உத்தரவிட்டது.

எஞ்சியிருப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இது, இவ்விஷயத்தில் பலரும் எண்ணுவதைவிட வலுவானது. தரும் எண்ணமின்றிப் பரிசு அறிவிப்பதும், கட்டணத்தில் சேர்ந்துள்ள ஒன்றை இலவசம் போலக் காட்டுவதும் முறையற்ற வணிகம் என்று அது வரையறுக்கிறது. தவறான விளம்பரங்களுக்கு எதிரான 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களும் இலவசம் என்ற சொல்லுக்கு எல்லை வகுத்துள்ளன. "இலவச" வவுச்சருக்குச் சேவைக் கட்டணம், பதிவுக் கட்டணம் என்று பணம் கேட்கப்பட்டால் இந்த விதிகளைச் சுட்டிக்காட்டலாம்.

எல்லை கடந்து பயணிக்கும் தமிழகக் குடும்பங்களுக்கு மிகவும் பயனுள்ள மாற்றம் வேறொன்று. விடுதி இடுக்கியிலும், நிறுவனத்தின் அலுவலகம் மும்பையிலோ ஹைதராபாத்திலோ இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டுகள். தகராறு ஏற்பட்டால் நடுவர் தீர்ப்பாயத்துக்கே செல்ல வேண்டும் என்ற ஒப்பந்த வாசகம் நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்காது என்பதை எமார் எம்ஜிஎஃப் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துள்ளது. வழக்குக்கு முன்பாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். இடைவிடாத விற்பனை அழைப்புகளுக்கு 1909.

ஆணையத்தில் வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் காகிதத்தைப் பொறுத்தது. அரங்கில் வாய்மொழியாகச் சொல்லப்பட்ட வாக்குறுதிக்கு, ஒப்பந்தத்தில் உள்ள "எழுத்தில் உள்ளவை மட்டுமே செல்லும்" என்ற ஒரு வரி எதிராக நிற்கும். விற்பனையாளர் சொன்னதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பி, பதில் கேட்பது செலவில்லாத முன்னெச்சரிக்கை.

சலுகையை மட்டும் பயன்படுத்திக்கொண்டு, உறுப்பினராகாமல் திரும்ப முடியாதா? முடியும். கூட்டத்துக்குச் செல்வதால் வாங்கும் கடமை ஏற்படுவதில்லை. ஆனால் கையில் கிடைக்கும் வவுச்சரின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். எந்த விடுதி என்ற பெயர், செல்லாத நாள்கள், செலுத்த வேண்டிய கூடுதல் தொகை, அறை இல்லையென்றால் என்ன என்பவை அங்கே இருக்க வேண்டும். விடுமுறை நாள்களும் வார இறுதிகளும் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும், எஞ்சுவது மழைக்காலம். 2018 ஆகஸ்ட் பெருமழையில் நெல்லியாம்பதிச் சாலை துண்டிக்கப்பட்டதும், 2020 ஆகஸ்டில் மூணாறு அருகே பெட்டிமுடியில் நிலச்சரிவு தொழிலாளர் குடியிருப்பை மூடியதும் அந்தப் பருவத்தில்தான். சிவப்பு எச்சரிக்கை நாளில் பயணத்தைத் தள்ளிவைத்தால் வவுச்சர் காலாவதியாகுமா என்பதையும் கேட்டு வைக்கலாம்.

மலிவாகத் தங்குவதுதான் நோக்கம் என்றால், இம்மலைகளில் வெளிப்படையான விலையில் வழிகள் இருக்கின்றன. கேரளப் பொதுப்பணித்துறையின் ஓய்வு இல்லங்களை 2021 நவம்பர் 1 முதல் பொதுமக்களே இணையத்தில் பதிவு செய்ய முடிகிறது. கேரள அரசு போக்குவரத்துக் கழகம் 2020 நவம்பரில் மூணாறு பணிமனையில் பழைய பேருந்துகளைப் படுக்கை அறைகளாக்கி, ஒரு படுக்கைக்கு 100 ரூபாய் என்று தொடங்கிய திட்டம் பெரும் வரவேற்பைப் பெற்றது. குடும்பங்களுக்கு, சுற்றுலாத் துறை வைரம், தங்கம், வெள்ளி எனத் தரம் பிரித்துள்ள வீட்டு விடுதிகள் பொருந்தும். பாலக்காடு மாவட்டத்தின் பரம்பிக்குளத்தில் வனத்துறையே தங்குமிடத்துடன் கூடிய திட்டங்களை நடத்துகிறது; கேரளத்தில் இருந்தாலும் அங்கு செல்லும் சாலை தமிழகத்தின் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகவே போகிறது என்பது பொள்ளாச்சிக்காரர்களுக்கு வசதி. டைம்ஷேர் நிறுவனங்களின் விடுதிகளில்கூட, உறுப்பினர் அல்லாதோருக்கு ஒதுக்கப்படும் அறைகள் இணையப் பதிவுத் தளங்களில் கிடைப்பதுண்டு. அந்த வாடகையை மேலே கண்ட கணக்கோடு ஒப்பிட்ட பிறகு கையெழுத்தைப் பற்றி யோசிக்கலாம்.

ஏற்கெனவே உறுப்பினராகி, விலக நினைப்போருக்கு இப்போது வேறொரு வகை அழைப்பு வருகிறது. உங்கள் உறுப்பினர் உரிமையை நல்ல விலைக்கு விற்றுத் தருகிறோம், வாங்குபவர் தயாராக இருக்கிறார், நடைமுறைக் கட்டணமும் ஜிஎஸ்டியும் முதலில் செலுத்துங்கள் என்பார்கள். மறுவிற்பனையில் டைம்ஷேருக்கு வாங்கிய விலை கிடைப்பது அரிது. விற்பவர் முன்பணம் கட்ட வேண்டிய அவசியமும் இல்லை. பெயர் மாற்றத்துக்கான கட்டணம் எவ்வளவு, அதை யாரிடம் செலுத்துவது என்பதை உறுப்பினர் அட்டை வழங்கிய நிறுவனத்திடமே நேரடியாகக் கேட்டறியலாம். அப்படிப் பணம் கேட்டு ஏமாற்றப்பட்டால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.