சங்கிலியை அடகு வைத்து சிந்தசைசர் வாங்கலாமா?

கிருஷ்ணகிரியிலிருந்து ஓர் அம்மா வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். மகனுக்கு 24 வயது. ஓசூர் சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஒப்பந்த வேலை. ஷிப்ட் மாறி மாறி வரும். லீவு நாளில் கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிக்கிறான். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வாசித்தால்தான் அந்தப் பக்கம் கச்சேரி கிடைக்கும். ராத்திரியில் லேப்டாப்பில் சொந்தமாக மியூசிக் போடுகிறான். போன மாதம் பெங்களூருவில் ஒரு கடையில் சிந்தசைசர் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். விலை 80,000 ரூபாய்க்கு மேல்.

"கழுத்துல கெடக்குற சங்கிலிய வச்சுத் தரச் சொல்றான் சார். ரகுமானோட அம்மாவும் நகையத்தான குடுத்தாங்கன்னு கேக்குறான். நான் என்ன பதில் சொல்றது?"

அம்மா, உங்கள் மகன் சொன்னது உண்மைதான். ஏ.ஆர். ரகுமான் வீட்டிலேயே ஸ்டூடியோ கட்டியபோது உள்ளே வைக்கக் கருவி வாங்கப் பணம் இல்லை. அவருடைய அம்மா கரீமா பேகம் நகையைக் கொடுத்துத்தான் முதல் ரெக்கார்டர் வந்தது. இதை ரகுமானே பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த நகை எதற்காகப் போனது என்று பாருங்கள். ரெக்கார்டருக்கு. 'ரோஜா' வந்தது 1992ல். அதற்கு முந்தைய அந்தக் காலத்தில் பல வாத்தியங்களைத் தனித்தனியாகப் பதிந்து சேர்க்க வேண்டும் என்றால் பெரிய ரெக்கார்டர் இல்லாமல் வேலை நடக்காது. உங்கள் மகன் கையில் இருக்கும் சாதாரண லேப்டாப் அந்த வேலையையும், அதைப்போலப் பல மடங்கு வேலையையும் செய்யும். அதாவது, ரகுமானின் அம்மா நகை கொடுத்து வாங்கிய பொருள் உங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது.

பிறகு மகனிடமே போனில் பேசினேன். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்த நேரம். "என்ன குறை தம்பி, எதுக்கு சிந்தசைசர்?" என்றேன். இரண்டு காரணம் சொன்னார். ஒன்று, கீயை அழுத்தினால் லேப்டாப்பில் சத்தம் தாமதமாக வருகிறது. இரண்டு, "கம்ப்யூட்டர் சத்தம் பிளாஸ்டிக் மாதிரி இருக்கு சார்."

முதல் குறைக்கு சிந்தசைசர் மருந்தே இல்லை. லேப்டாப் சத்தத்தைச் சொட்டுச் சொட்டாக வெளியே விடுவதில்லை. ஒரு வாளியில் நிரப்பி, நிரம்பியதும் ஊற்றுகிறது. அந்த வாளிக்கு 'பஃபர்' என்று பெயர். நொடிக்கு 44,100 துளி என்று வைத்தால், 1024 துளி பிடிக்கும் வாளி நிரம்ப 23 மில்லி செகண்ட் ஆகும். விண்டோஸின் வழக்கமான டிரைவர் இதற்கு மேலும் தாமதம் சேர்க்கும். விரல் அதைக் கண்டுபிடித்துவிடும். வாளியை 128 துளியாகச் சிறிதாக்கினால் 3 மில்லி செகண்டில் முடிந்துவிடும். அதற்கு ஏஸியோ என்ற டிரைவர் வேண்டும். இலவசமாகவே கிடைக்கிறது. தம்பி வைத்திருக்கும் எஃப்.எல். ஸ்டூடியோவுடன் ஒன்று கூடவே வருகிறது. செட்டிங்ஸில் போய் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். வாளியை ரொம்பச் சின்னதாக்கினால் சத்தம் வெடிவெடியாக வரும், அப்போது ஒரு படி ஏற்றிக்கொள்ளலாம். இதைச் செய்யாமல் 80,000 ரூபாய் சிந்தசைசரைக் கொண்டுவந்து அதே லேப்டாப்பில் இணைத்து, எஃபெக்ட் போட்டுக் கேட்டால் அதே தாமதம்தான் அங்கேயும் வரும்.

பிளாஸ்டிக் சத்தத்துக்கு வருவோம். வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி என்று இரண்டு சாஃப்ட்வேர் சிந்தசைசர்கள் இருக்கின்றன. சர்ஜ் முழுக்க இலவசம், வைட்டலுக்கு இலவசப் பதிப்பு உண்டு. இரண்டும் விளையாட்டுப் பொருள் இல்லை. கூடவே வரும் ரெடிமேட் சத்தங்களை அப்படியே போட்டால் எதுவும் பிளாஸ்டிக்காகத்தான் கேட்கும், விலையுயர்ந்த கருவியிலும்.

பேச்சுவாக்கில் இன்னொன்றும் தெரிந்தது. வீட்டில் பழைய கேஸியோ கீபோர்டு இருக்கிறது. அதைப் பெட்டியில் போட்டுவிட்டு, லேப்டாப்புக்கு என்று புதுக் கீபோர்டு வாங்க அவர் தனியாகக் காசு சேர்த்துக்கொண்டிருந்தார். "பின்னாடி பிரிண்டர்ல செருகுற மாதிரி சதுர ஓட்டை இருக்கா, பாருங்க" என்றேன். இருந்தது. அது யூ.எஸ்.பி. பிரிண்டர் கேபிளே போதும், கேஸியோவின் கட்டைகளை அழுத்தினால் லேப்டாப்பில் உள்ள சிந்தசைசர் பாடும். கேபிள் வழியாகப் போவது சத்தம் அல்ல. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எப்போது விட்டான் என்ற செய்தி மட்டும். மிடி என்ற இந்த ஏற்பாடு 1983ல் வந்தது. 40 வருஷம் தாண்டியும் எல்லாக் கம்பெனிக் கருவியும் இதில்தான் பேசிக்கொள்கின்றன.

அப்படியானால் நிஜ சிந்தசைசரே வேண்டாமா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். மவுஸால் ஒரு திருகை நகர்த்துவதும் கையால் திருகுவதும் ஒன்றல்ல. எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நின்றுவிட்டு வந்தவன் மறுபடி ஸ்கிரீனைப் பார்க்காமல் வாசிக்க ஆசைப்படுவதில் தப்பும் இல்லை. ஆனால் அதற்கு 80,000 ரூபாய்க் கருவி தேவையில்லை.

மும்பையில் சரண்ஜித் சிங் என்று ஒரு சினிமா வாத்தியக் கலைஞர் இருந்தார். 1982ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் சிந்தசைசரிலேயே வாசித்து ஓர் ஆல்பம் போட்டார். அதில் ஜூபிட்டர்-8 என்ற விலையுயர்ந்த கருவியோடு, ரோலண்டின் டிபி-303 என்ற சின்னப் பெட்டியும் இருந்தது. கிட்டார்காரர்கள் வீட்டில் பயிற்சி செய்யும்போது பேஸ் வாசிக்க என்று செய்த பெட்டி அது. யாரும் சீண்டவில்லை, சில வருஷத்தில் கம்பெனியே நிறுத்திவிட்டது. ஆனால் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிப் போகும் வசதி அதில் உண்டு. ராகம் வாசிப்பவனுக்கு வேறு என்ன வேண்டும்? அந்த ஆல்பமும் அன்று விற்கவில்லை. 2010ல் மறுபதிப்பு வந்தபிறகு உலகமே தேடிக் கேட்டது.

நம் தம்பிக்கும் அந்த வழுக்கல்தான் தேவை. அவர் போட்டுக் காட்டியது கோயில் திருவிழாப் பாட்டு, நாதஸ்வரச் சத்தத்தில். சுரங்கள் சரி, ஆனால் படிக்கட்டு ஏறுவது போல ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது. கிளைடு என்ற திருகைத் திறந்து, மோனோ முறையில் வைத்து, ஒரு கட்டையை விடுமுன் அடுத்ததை அழுத்தினால் பாதிக் குறை தீரும். இது சர்ஜிலும் இருக்கிறது. முதலில் அங்கே பழகட்டும்.

அதற்குப் பிறகும் பெட்டி வேண்டும் என்றால், கட்டை இல்லாத சின்னக் கருவியாகப் பார்க்கச் சொன்னேன். கட்டைதான் கேஸியோவில் இருக்கிறதே. கோர்க் வோல்கா கீஸ் நல்ல சத்தம், மூன்று சுரம் சேர்ந்து வரும். ஆனால் அதில் யூ.எஸ்.பி. கிடையாது. ஐந்து ஊசி மிடி சொருகிக்குத் தனி கேபிள், சத்தத்தைப் பதிய தனி ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று செலவு வளரும். ஆர்ட்டூரியா மைக்ரோஃபிரீக்கின் கட்டைகள் அசையாத தகடு. ஆர்கெஸ்ட்ராவில் ஓடிய விரலுக்கு அது பிடிக்காது. நான் வாங்குவதாக இருந்தால் 2023ல் வந்த ரோலண்ட் எஸ்-1. நான்கு சுரம், சார்ஜ் ஏறும் பேட்டரி, சத்தமும் மிடியும் ஒரே யூ.எஸ்.பி. கேபிளில். ஏறக்குறைய 20,000 ரூபாய், கடைக்குக் கடை மாறும். திருகுகள் பொடிசு, அது ஒரு குறைதான்.

பழைய கருவி வாங்கினால் அடாப்டரை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். 9 வோல்ட் என்று இரண்டிலும் எழுதியிருக்கும்; வோல்காவுக்கு நடு ஊசி பாசிட்டிவ், கிட்டார் பெடல் அடாப்டரில் பெரும்பாலும் நெகட்டிவ். மாற்றிச் செருகினால் கருவி போய்விடலாம். லேப்டாப்போடு சேர்த்ததும் 'ம்ம்ம்' என்று இரைந்தால் கருவியைக் குறை சொல்லுமுன் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் குறை மின் இணைப்பில், எர்த்தில்.

அந்த 80,000 ரூபாய்க் கருவி மீது இன்னும் மனம் இருந்தால், ஆர்கெஸ்ட்ரா நண்பர்கள் யாரிடமாவது ஒரு வாரம் வாடகைக்கு எடுக்கலாம். ரகுமானின் அப்பா ஆர்.கே. சேகர் 1976ல் இறந்தபிறகு, அவர் விட்டுச்சென்ற வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் சாப்பிட்டது. நகைக் கதையைச் சொல்கிற பிள்ளைகள் இந்தக் கதையையும் அம்மாவிடம் சொல்லலாம்.

நேற்று அம்மாவிடமிருந்து இன்னொரு குரல் பதிவு. பின்னால் கேஸியோ சத்தம் கேட்கிறது. "கேபிளு நூத்தைம்பது ரூபா ஆச்சு சார். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தூங்கல. காலையில ஷிப்டுக்கு எழுப்புறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு."