பிணைக் கையெழுத்தும் இரண்டு மோட்டார் சைக்கிள்களும்

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே,

ஒரு மோட்டார் சைக்கிளின் பொருட்டு என்னைக் கல்நெஞ்சன் என்று பேசுகிறார்கள். ஆசிரியர் அறையில் பேசினார்கள், கோயில் வாசலில் பேசினார்கள், “வாத்தியாருக்குப் பாடம் நடத்துவதோடு வேலை முடிந்தது, பையன் எந்த வண்டி வாங்கினால் இவருக்கென்ன?” என்று ஒருவர் என் காதுபடவே கேட்டுவிட்டார். அவருக்கு அங்கேயே பதில் சொல்லியிருக்கலாம். வாய்ச் சண்டையில் வண்டி விவரங்களைச் சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். என்னிடம் ஆறாண்டுகள் படித்த மாணவன் ஒருவன். இப்போது இருபத்து மூன்று வயது. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் தொழில்நுட்பராக இருக்கிறான். வீடு ஈப்போவை அடுத்த சிற்றூர். தந்தை இல்லை, தாயார் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்து ஆளாக்கியவர். சென்ற பள்ளி விடுமுறையில் இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். பழைய வண்டி ஒன்றைத் தவணையில் வாங்கப் போவதாகவும், பிணையாள் ஒருவர் வேண்டும் என்று கடன் தருவோர் கேட்பதாகவும் சொன்னார்கள். “சார், நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும், மத்ததெல்லாம் நாங்க பார்த்துக்குவோம்” என்றார் அந்த அம்மா.

எந்த வண்டி என்று கேட்டேன். கடையில் இரண்டு இருக்கின்றனவாம். ஒன்று கேடிஎம் 390 டியூக். மற்றொன்று மோடெனாஸ் முத்திரையுடன் இங்கே விற்கப்பட்ட டொமினார் 400. பையனின் மனம் முதலாவதில். இரண்டாவதைக் குறிப்பிட்டபோது அவன் முகம் போன போக்கு, வகுப்பில் வீட்டுப்பாடம் இரட்டிப்பானபோது போகுமே, அதே போக்கு.

“டொமினாருக்குக் கையெழுத்திடுகிறேன், டியூக்குக்கு இடமாட்டேன்” என்றேன். இதுதான் என் குற்றம்.

இதைக் கேட்டவர்களில் பலர், நான் வேகத்துக்கு எதிரி என்று நினைத்துக்கொண்டார்கள். முதலில் இந்தத் தவறான எண்ணத்தை அகற்ற வேண்டும். இவ்விரண்டு வண்டிகளும் அண்ணன் தம்பி. கேடிஎம் ஆஸ்திரிய நிறுவனம். இந்தியாவின் பஜாஜ் 2007-இல் அதன் பங்குகளை வாங்கத் தொடங்கியது. அந்த உறவில் பிறந்த 390 டியூக் 2013-இல் வந்தது. புனே நகரை அடுத்த சாக்கானில் உள்ள பஜாஜ் ஆலையில் உருவானது. அதன் இயந்திரத்தை அடிப்படையாகக் கொண்டு 2016 இறுதியில் பஜாஜ் வெளியிட்டதுதான் டொமினார். இரண்டுக்கும் ஒரே சிலிண்டர். விட்டம் 89 மில்லிமீட்டர், ஓட்டம் 60 மில்லிமீட்டர், கொள்ளளவு 373 சிசி. 2019-இல் திருத்தி வெளியிடப்பட்ட டொமினாரின் ஆற்றல் 40 குதிரைத்திறன். 2017-ஆம் ஆண்டு டியூக்கின் ஆற்றல் 43.5. மூன்றரைக் குதிரைக்காக நான் ஒரு பையனின் ஆசையை மறுப்பேனா? மணிக்கு 110 கிலோமீட்டர் என்ற நெடுஞ்சாலை வரம்பை இரண்டுமே எளிதாகத் தாண்டும். சாக வேண்டும் என்று முறுக்குபவனுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே, “டொமினார் என்றால் பாதுகாப்பு, டியூக் என்றால் ஆபத்து” என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லி விற்பவர்களையும் நம்பாதீர்கள்.

வேறுபாடு இயந்திரத்தைச் சுற்றி இருக்கிறது. டியூக் ஏறத்தாழ இருபது கிலோ கனம் குறைந்தது. அதன் இரு சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம் 1,357 மில்லிமீட்டர்; டொமினாருக்கு 1,453. குட்டையான, இலேசான வண்டி சட்டென்று திரும்பும், துள்ளும். நீண்ட, கனத்த வண்டி நேர்க்கோட்டில் அமைதியாக நிற்கும். பெருலோரி ஒன்று பக்கத்தில் கடந்து போகும்போது எழும் காற்றடிக்கு அவ்வளவாக ஆடாது. டியூக்கின் இருக்கை 830 மில்லிமீட்டர் உயரம், டொமினாருடையது 800. டியூக்கில் உடல் முன்னோக்கிச் சாய்கிறது. டொமினாரில் ஏறத்தாழ நிமிர்ந்து உட்காரலாம். 2021-இல் பஜாஜ் இந்தியாவில் டொமினாருக்குக் காற்றுத் தடுப்புக் கண்ணாடி, கைக்காப்பு, பின்புறச் சாமான் தாங்கி ஆகியவற்றை ஆலையிலேயே பொருத்தித் தரத் தொடங்கியது. யாருக்காக அந்த வண்டி செய்யப்பட்டது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இனி அந்தப் பையனின் பயணத்தைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து புறப்படுகிறான். பாலத்தைக் கடக்க வேண்டும்; பதின்மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளம், பெரும்பகுதி கடல்மேல், பக்கவாட்டுக் காற்று. பிறகு ஜூரு. அங்கிருந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலை: புக்கிட் மேரா, தைப்பிங், சங்காட் ஜெரிங், கோலகங்சார், மெனோரா சுரங்கம், அதன்பின் ஜெலாப்பாங் நோக்கி வளைந்து இறங்கும் சாலை. ஒரு வழிக்கு நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். தைப்பிங் வட்டாரத்து மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்கெனத் தனித் தடம் கிடையாது. லோரிகளோடு லோரியாகத்தான் போக வேண்டும். ஞாயிறு இரவு மீண்டும் அதே வழி. மாதத்துக்கு நான்கு முறை என்றால் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர்.

இத்தனை தூரத்தில் ஆளை வீழ்த்துவது வேகம் மட்டுமன்று, களைப்பும்தான். மறைப்பில்லாத வண்டியில் மணிக்கு நூறு கிலோமீட்டரில் போகிறவன் நெஞ்சில் காற்று ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். அதை எதிர்த்துக் கழுத்தும் தோளும் இறுகும். சாய்ந்த நிலையில் மணிக்கட்டு கனக்கும். ஒரு மணி நேரத்தில் பிடியின் நுண்மை போய்விடும். கண் முன்னால் லோரியின் பிரேக் விளக்கு எரிவதைக் கண்டபின் கை அழுத்துவதற்கு அரை நொடி கூடுதலாகும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் அரை நொடி என்றால் ஏறத்தாழ பதினான்கு மீட்டர். நான்காம் ஆண்டுக் கணக்குதான் இது. டொமினாரின் கண்ணாடிக்குப் பின்னால் இக்களைப்பு அறவே வராது என்பதில்லை, தாமதமாக வரும். ஒற்றைச் சிலிண்டரின் அதிர்வு இரண்டிலும் உண்டு, அதையும் மறைக்கவில்லை. எரிபொருள் கலனும் இரண்டுக்கும் பதின்மூன்று லிட்டர் அளவுதான். இதில் டொமினாருக்குப் பெருமை இல்லை.

இணையக் காணொளிகளில் இவ்விரண்டையும் ஒப்பிடுகிற இளைஞர்கள் பூச்சியத்திலிருந்து நூறு வரை எத்தனை நொடி என்று அளந்து காட்டுகிறார்கள். டியூக் வெல்கிறது. எனக்கு அதில் ஐயமில்லை. ஆனால் ஜூருவிலிருந்து ஜெலாப்பாங் வரை அந்த நொடிகள் எத்தனை முறை தேவைப்படும்? நூற்றைம்பதாவது கிலோமீட்டரில் ஓட்டுநரின் கழுத்து எப்படி இருக்கிறது என்று அளந்து காட்டிய ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

டியூக்குக்குச் சேர வேண்டிய நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நகர நெரிசலில் அது மேலான வண்டி. கனமில்லை, சந்து பொந்துகளில் நுழையும், நிறுத்தினால் நிற்கும். இதே பையன் தங்குமிடத்துக்கும் தொழிற்சாலைக்கும் மட்டும் போய்வருபவனாக, வீட்டுக்குப் பேருந்தில் வருபவனாக இருந்திருந்தால் நான் மறுபேச்சில்லாமல் கையெழுத்திட்டிருப்பேன். வண்டியில் குறையில்லை. அவன் போகிற வழிக்கு அது செய்யப்படவில்லை, அவ்வளவே.

அடுத்தது பின்னிருக்கை. இதை யாருமே பேசவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. அந்த அம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. மருத்துவமனைக்கும் சந்தைக்கும் தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கும் அவர் போக வேண்டுமானால் மகனின் பின்னால்தான் உட்கார வேண்டும். டியூக்கின் பின்னிருக்கை உயரத்தில், குறுகலாக, ஒரு பலகைத் துண்டு போல் இருக்கிறது. சேலை கட்டிய, ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் அதில் ஏறி இறங்குவதை அந்தப் பையன் ஒரு முறையாவது எண்ணிப் பார்த்தானா? கேட்டேன். “அம்மா எப்பவாவதுதான் சார் வருவாங்க” என்றான். அந்த அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டியூக் வேண்டாம் என்று நான் முடிவு செய்தது அந்த நேரத்தில்தான். குதிரைத்திறன் கணக்கெல்லாம் பிறகு போட்டது.

உரிமத்துக்கு வருகிறேன். பெற்றோர்கள் இந்தப் பகுதியை இருமுறை படிக்க வேண்டுகிறேன். பையனிடம் இருப்பது பி2 உரிமம். அது 250 சிசி வரைக்குத்தான் செல்லும். இவ்விரண்டு வண்டிகளும் 373 சிசி. மேல்வகுப்பு உரிமம் எடுக்காமல் இவற்றில் எதை ஓட்டினாலும் அது உரிமமில்லா ஓட்டமே. விபத்து நேர்ந்து காப்புறுதி நிறுவனம் கைவிரித்தால் மருத்துவச் செலவும் எஞ்சிய தவணையும் யார் தலையில்? கடைக்காரர் இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லையாம். “அப்புறம் எடுத்துக்கலாம்” என்றாராம். பணத்தை அப்புறம் வாங்கிக்கொள்ள அவர் இசைவாரா? பிணையாள் என்பவர் சாட்சிக் கையெழுத்துக்காரர் இல்லை. வாங்கியவன் கட்டத் தவறினால் கட்ட வேண்டியவர். அது தெரியாமல் மைத்துனருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓய்வூதியத்தில் கை வைத்த ஆசிரியர்களை நான் அறிவேன்.

“இரண்டுமே வேண்டாம், ஒரு பழைய காரை வாங்கச் சொல்லுங்கள்” என்று உடனாசிரியர் ஒருவர் அறிவுரை தந்தார். நல்ல எண்ணந்தான். காருக்குப் போக வரச் சாலைக் கட்டணம் உண்டு. மோட்டார் சைக்கிளுக்கு அந்த நெடுஞ்சாலையில் கட்டணமில்லை, 2019 சனவரி முதல் பினாங்குப் பாலத்திலும் இல்லை. பெட்ரோல், காப்புறுதி, சாலை வரி, தங்குமிடத்தில் நிறுத்த இடம்... அவன் சம்பளத்தில் இது நடக்காது. நான்கு சக்கரத்தில் வந்து இறங்குகிற நாம், இரண்டு சக்கரத்தில் போகிறவனிடம் “கார் வாங்கு” என்று சொல்வது எளிது.

இன்னொரு சாராரிடம் எனக்குக் கோபமே உண்டு. “வாலிப வயசு, ஆசைப்பட்டதை ஓட்டிட்டுப் போகட்டும், டொமினார் கிழவன் வண்டி” என்று அவனை ஏற்றிவிட்ட மாமன்மார்களும் நண்பர்களும். இவர்களில் ஒருவராவது பிணைக்கு முன்வந்தாரா? இல்லை. 2022-ஆம் ஆண்டில் இந்நாட்டுச் சாலைகளில் மாண்டவர்கள் 6,080 பேர். ஒவ்வோர் ஆண்டும் இப்படி மாள்கிறவர்களில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். நம் பள்ளிகளில் படித்து முடித்துச் சில ஆண்டுகளிலேயே போய்ச் சேர்ந்த பையன்களின் வீட்டுக்கு மாலையோடு போய்வந்த ஆசிரியர்கள் இதைப் படிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். நானும் போயிருக்கிறேன். அங்கே “ஆசைப்பட்டதை ஓட்டட்டும்” என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

எஸ்.பி.எம். தேர்வில் நன்றாகச் செய்தால் வண்டி வாங்கித் தருகிறேன் என்று படிவம் நான்கிலேயே வாக்குக் கொடுக்கும் தந்தையரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பரிசாகத் தருகிற வண்டியைப் பையன்தான் தேர்ந்தெடுப்பான். அவன் படத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பான். எங்கே போகப் போகிறான், யாரை ஏற்றப் போகிறான், எந்தச் சாலை, எந்த நேரம் என்பதை நீங்கள் கேளுங்கள்.

அந்தக் கடையில் இரண்டு வண்டிகளுக்கும் இடையே பல ஆயிரம் வெள்ளி வேறுபாடு இருந்தது. டொமினார்தான் மலிவு. மிச்சமாகும் பணத்தில் காப்புப் பட்டை வைத்த மேலங்கி, கையுறை, கணுக்காலை மூடும் காலணி, தரமான தலைக்கவசம், முன்னும் பின்னும் புது டயர், மேல்வகுப்பு உரிமக் கட்டணம் எல்லாம் அடங்கும். தாளில் எழுதிக் கூட்டியே காட்டினேன். பையன் தாளைப் பார்த்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். “பார்க்கிறேன் சார்” என்றான். அதற்குப் பிறகு இரண்டு வாரம் என் அழைப்பை எடுக்கவில்லை.

நேற்று அந்த அம்மாவைப் பள்ளி வாசலில் பார்த்தேன். உரிம வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டானாம். வண்டி என்ன ஆயிற்று என்று கேட்டேன். இன்னும் டியூக் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறானாம். ஆனால் சென்ற சனிக்கிழமை அவரைக் கடைக்கு அழைத்துப் போய், நின்றிருந்த இரண்டு வண்டிகளிலும் பின்னால் ஏற்றி உட்கார வைத்துப் பார்த்தானாம். பாரம் என் வீட்டு மேசையில்தான் இருக்கிறது. வண்டியின் பெயர் எழுத வேண்டிய இடம் இன்னும் காலியாக இருக்கிறது.