அந்த ஒரு கேள்வியையும் கேளுங்கள்

உடல் பருமன் என்றதும் சர்க்கரை, ரத்த அழுத்தம், மாரடைப்பு என்றே பேசிப் பழகிவிட்டோம். கர்ப்பப்பையின் உட்படலத்தில் வரும் புற்றுநோயும் அந்த வரிசையில் இருப்பது படித்த குடும்பங்களில்கூடப் பலருக்குத் தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, அதிகப்படியான உடல் கொழுப்போடு தொடர்புடையவை என்று 2016இல் உறுதிசெய்த 13 புற்றுநோய்களில், அந்தத் தொடர்பு மிக வலுவாக இருப்பது இதில்தான். உடல் நிறை குறியீட்டெண் 40ஐத் தாண்டிய பெண்ணுக்கு, சரியான எடையுள்ள பெண்ணைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு ஆபத்து.

தமிழகத்துக்கு இது பிறர் கதையாக இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இங்கே 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 40.4 சதவீதத்தினர் அதிக எடை கொண்டவர்கள். நாடு முழுவதற்குமான அளவு 24 சதவீதம். 2015-16இல் நமது அளவு 30.9 ஆக இருந்தது. இவர்களில் நாற்பதுகளில் இருப்பவர்கள் விரைவில் மாதவிடாய் நின்று, இந்நோய் அதிகம் தாக்கும் வயதை எட்டப்போகிறார்கள்.

கொழுப்பு உடம்பில் சும்மா தங்கியிருப்பதில்லை. ஒரு சுரப்பியைப்போல வேலை செய்கிறது. மாதவிடாய் நின்றதும் சினைப்பைகள் ஓய்ந்துவிடும். ஆனால் கொழுப்புத் திசுவில் இருக்கும் அரோமட்டேஸ் என்ற நொதி, உடலில் மிஞ்சியிருக்கும் ஆண்ட்ரோஜன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. கொழுப்பு கூடக்கூட இந்த உற்பத்தியும் கூடும். உட்படலத்தை வளரத் தூண்டுவது ஈஸ்ட்ரோஜன்; அந்த வளர்ச்சியைக் கட்டுக்குள் வைப்பது புரோஜெஸ்டிரோன். மாதவிடாய் நின்ற பிறகு சினைப்பை அதைச் சுரப்பதில்லை. தடுக்க ஆளில்லாமல் உட்படலம் தடித்து, சிலருக்கு அது புற்றாக மாறுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் மாத்திரையாகக் கொடுத்தபோது இந்தப் புற்றுநோய் பல மடங்கு கூடியதை 1975இல் அமெரிக்க ஆய்வுகள் காட்டின. அன்று மாத்திரை செய்த வேலையை இங்கே உடம்பே செய்துகொள்கிறது.

இதோடு இன்சுலினும் சேர்கிறது. பருமனான உடலில் இன்சுலினின் வேலை தடைபடுவதால் கணையம் அதை மேலும் மேலும் சுரக்கிறது. ரத்தத்தில் மிகும் இன்சுலின் உட்படல செல்களைப் பெருகத் தூண்டும். ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துவைக்கும் புரதத்தையும் அது குறைத்துவிடுவதால், கட்டற்ற ஈஸ்ட்ரோஜன் இன்னும் கூடுகிறது. சர்க்கரை நோயுள்ள பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இளம்பெண்களும் இதிலிருந்து விலகி நிற்கவில்லை. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பலருக்கு மாதக்கணக்கில் மாதவிடாய் வராமல் போகிறது. கருமுட்டை வெளிவராத அந்த மாதங்களில் புரோஜெஸ்டிரோனும் சுரக்காது. “கல்யாணமானால் சரியாகிவிடும்” என்று அவர்களைத் திருப்பி அனுப்புவது அநியாயம்.

இதைக் கேட்டு, வாயைக் கட்டத் தெரியாதவள் என்று பெண்ணைப் பழிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேளைக்கு வேளை மலிவாகக் கிடைப்பது மாவுச்சத்தும் எண்ணெயும்தான்; வீட்டு வேலை முடிந்தபின் நடக்க நேரமோ பாதுகாப்பான இடமோ பெரும்பாலான பெண்களுக்கு இல்லை. பழிச்சொல் யாருடைய எடையையும் குறைத்ததில்லை. ஆனால் எடை குறைய உதவினால் பலன் உண்டு. மாதவிடாய் நின்ற 36,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், எடையில் 5 சதவீதமாவது குறைந்தவர்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 29 சதவீதம் குறைவாக இருந்தது.

இந்த நோய் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறது. மாதவிடாய் நின்றபின் இது வந்தவர்களில் சுமார் 90 சதவீதத்தினருக்கு உதிரப்போக்கு இருந்திருக்கிறது. அப்படி உதிரம் பட்டவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். அந்த ஒருவரையும் ஸ்கேன், சிறிய திசுப் பரிசோதனை ஆகியவற்றால் கண்டுபிடித்துவிடலாம். கர்ப்பப்பையைத் தாண்டிப் பரவுமுன் கண்டால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். நம் பெண்களோ “உடம்புச் சூடு” என்று இளநீர் குடித்துவிட்டு இருந்துவிடுகிறார்கள், மகளிடம்கூடச் சொல்வதில்லை. கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்ததை நம்பிப் பேசாமல் இருப்பவர்களும் உண்டு. அந்தப் பரிசோதனை இந்த நோய்க்கானது அல்ல.

அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைகள் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகியவற்றைப் பார்க்கின்றன. எல்லாப் பெண்களுக்கும் கர்ப்பப்பை ஸ்கேன் எடுக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. அதனால் பயன் இருப்பதாகச் சான்று இல்லை. கேட்பது எளிய ஒன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர்கள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள பெண்களின் வீட்டு வாசலுக்கே போகிறார்கள். ஆபத்து அதிகமுள்ள பெண்கள் பலர் ஏற்கெனவே அவர்களது பதிவேட்டில் இருக்கிறார்கள். “மாதவிடாய் நின்றபிறகு எப்போதாவது உதிரம் பட்டதா?” என்பதையும் அந்தப் பணியாளர் கேட்க வேண்டும். ஆம் என்பவருக்கு வட்ட மருத்துவமனையிலேயே ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் கிடைக்க வேண்டும். திசு முடிவு வருமுன்னே கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்லும் அவசரத்துக்கும் அரசு கடிவாளம் போட வேண்டும். இதற்கான ஆணையைச் சுகாதாரத் துறை இந்த ஆண்டே பிறப்பிக்கட்டும்.

ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டாம். மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்த பின் ஒரு சொட்டு உதிரம் பட்டாலும், அந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். உங்கள் அம்மாவிடமும் மாமியாரிடமும் இதை இன்றே சொல்லுங்கள்.