சைஸ் சார்ட்டுக்குள்ள நீங்க அடங்கலையா? தப்பு உங்க உடம்பு மேல இல்ல!

ட்ரையல் ரூமுக்குள்ள இந்தக் கணக்கைப் போடாத ஆளே கிடையாது. 'எல்' எடுத்தா மார்புல இழுக்குது. 'எக்ஸ்எல்' எடுத்தா தோள் தொங்குது. ஜீன்ஸ் தொடையில சரியா உட்கார்ந்தா, இடுப்புல ரெண்டு விரல் உள்ளே போகுது. கடைசியில என்ன பண்றோம்? "கொஞ்சம் வெயிட் குறைச்சாதான் சரிவரும் போல" என்று பழியை நம்ம உடம்பு மேலயே போட்டுவிட்டு வெளியே வருகிறோம்.

அந்தப் பழியை ஏற்க மாட்டோம் என்று சொல்லி, தங்கள் டிரஸ்ஸைத் தாங்களே தைத்துக்கொள்ளும் ஒரு கூட்டம் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா எனப் பல நாடுகளில் இருக்கிறது. அவர்கள் கையில் இருப்பது 'இன்டி பேட்டர்ன்'. அதாவது, ஒருவரோ இரண்டு மூன்று பேரோ சேர்ந்து நடத்தும் குட்டி டிசைன் நிறுவனங்கள் விற்கும் பேப்பர் கட்டிங். பெரும்பாலும் பி.டி.எஃப் ஃபைலாகவே வரும்.

2025-ல் இந்தத் தையல் உலகத்தையே உலுக்கிய இரண்டு விஷயங்கள் நடந்தன. 1943-ல் கிளீவ்லேண்டில் தொடங்கி, அமெரிக்கா முழுக்க சுமார் 800 கடைகளாக வளர்ந்த 'ஜோஆன்' துணிக்கடை நிறுவனம், ஜனவரியில் இரண்டாவது முறையாக திவால் மனு போட்டது. மே மாத இறுதிக்குள் எல்லாக் கடைகளுக்கும் பூட்டு. அடுத்த அதிர்ச்சி ஜூலையில். சிம்ப்ளிசிட்டி, மெக்கால்ஸ், பட்டரிக், வோக் என்ற நான்கு பழம்பெரும் பேட்டர்ன் பிராண்டுகளையும் கையில் வைத்திருந்த டிசைன் குரூப் அமெரிக்காஸ் நிறுவனமும் திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட் படியேறியது.

'பெரிய மீன்கள் போச்சு, இனி குட்டி மீன்கள் ராஜ்ஜியம்தான்' என்று தோணுதா? அவ்வளவு சிம்பிள் இல்லை. வாங்க, கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம்.

அளவு எங்கிருந்து வந்தது?

1863-ல் மாசசூசெட்ஸைச் சேர்ந்த எபினேசர் பட்டரிக் என்ற டெய்லர், ஒரே டிசைனைப் பல சைஸ்களில் பேப்பரில் வெட்டி விற்க ஆரம்பித்தார். அதுவரை விற்ற பேட்டர்ன்கள் பெரும்பாலும் ஒரே சைஸ்தான். உங்க அளவுக்கு மாற்றிக்கொள்வது உங்க பாடு. பட்டரிக் அந்தத் தலைவலியைக் குறைத்தார். கிராமத்தில் இருந்த பெண்கூட நகரத்து ஃபேஷனை வீட்டிலேயே தைக்க முடிந்தது. உண்மையிலேயே பெரிய புரட்சி.

ஆனால், சைஸ் என்று ஒன்று வந்ததும் கூடவே ஒரு கேள்வியும் வந்தது: யாருடைய உடம்பை வைத்து அந்த சைஸ்?

1939-40-ல் அமெரிக்க விவசாயத்துறை சுமார் 15,000 பெண்களை அளந்தது. ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள். ரெடிமேட் டிரஸ்ஸுக்கும் பேட்டர்னுக்கும் பொதுவான அளவுமுறை வேண்டும் என்பதுதான் நோக்கம். 1941-ல் முடிவு வெளியானது. அதில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது வெள்ளையினப் பெண்களின் அளவுகள் மட்டுமே. 1958-ல் வந்த அமெரிக்க அரசின் அளவுத் தரத்துக்கு இந்த ஆய்வுதான் அடித்தளம்.

பேட்டர்ன் கம்பெனிகளும் ஒரு 'மாதிரி உடம்பை' வைத்துக்கொண்டன. மேலாடை என்றால் பி கப் மார்பளவு. அதைவிடப் பெரிய மார்பு உள்ளவர்கள் பேப்பரை வெட்டி, விரித்து, ஒட்டி, டாட் பிடித்துத் தாங்களே சரிசெய்துகொள்ள வேண்டும். முதல் தடவை தைக்க உட்காரும் ஆளுக்கு இது எப்படி வரும்? வராது. தைத்ததும் பட்டன் பிளந்து நிற்கும். "எனக்குத் தையல் வராது" என்று மெஷினை மூடி வைத்துவிடுவார்.

ட்ரையல் ரூமில் நடந்த அதே கதைதான். அளவு போட்டவர்கள் தப்பித்துவிடுவார்கள், உடம்பு மாட்டிக்கொள்ளும்!

குட்டி டிசைனர்கள் செய்த வேலை

2010-க்குப் பிறகு இரண்டு விஷயங்கள் கைகொடுத்தன. ஒன்று, பி.டி.எஃப். அச்சடிக்க வேண்டாம், கவரில் போட வேண்டாம், கடையில் இடம் கேட்டு நிற்க வேண்டாம். ஒரு டிசைனர் தன் வீட்டு மேஜையில் வரைந்ததை உலகத்தின் எந்த மூலையிலும் விற்கலாம். இரண்டாவது, தையல் மறுபடியும் 'கூல்' ஆனது. 2013-ல் பிபிசி-யில் 'தி கிரேட் பிரிட்டிஷ் சியூயிங் பீ' என்ற போட்டி நிகழ்ச்சி தொடங்கியது. அதன் முதல் சீசனில் கலந்துகொண்ட டில்லி வால்ன்ஸ் நடத்தும் 'டில்லி அண்ட் தி பட்டன்ஸ்', புதுசாகத் தைப்பவர்களுக்கென்றே ஒவ்வொரு படியையும் போட்டோவோடு விளக்கும் பேட்டர்ன்களால் பெயர் வாங்கியது. கனடாவின் 'க்ளோசெட் கோர்' ஜீன்ஸையே வீட்டில் தைக்கலாம் என்று பலருக்கும் தைரியம் கொடுத்தது.

ஆனால், முக்கியமான மாற்றம் அளவில்தான் நடந்தது. அமெரிக்காவின் 'கேஷ்மெரெட்' நிறுவனம், பெரிய மார்பளவு உள்ளவர்களை மனதில் வைத்தே தொடங்கியது. ஒரே சைஸுக்குள் சி/டி, இ/எஃப், ஜி/எச் என்று கப் அளவுக்குத் தனித்தனி பீஸ். நீங்க வெட்டி ஒட்ட வேண்டியதில்லை. வரைந்தவரே அந்த வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறார். 'முனா அண்ட் பிராட்' இன்னும் ஒருபடி மேலே போய், பெரிய உடல்வாகு உள்ளவர்களுக்காக மட்டுமே வரைகிறது. அங்கே பெரிய உடம்புதான் 'மாதிரி உடம்பு'.

இந்தப் போக்கு பரவியதும், சின்ன சைஸோடு நிறுத்தியிருந்த மற்ற இன்டி டிசைனர்களிடமும் வாடிக்கையாளர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். 'எங்க சைஸ் எங்கே?' பலர் தங்கள் பழைய பேட்டர்ன்களைக்கூட மறுபடி வரைந்து பெரிய சைஸ்களைச் சேர்த்தார்கள். வாங்குகிறவர் டிசைனரிடம் நேரடியாகக் கேட்டு, டிசைனரும் மாற்றுகிறார் என்பது மால் கடையில் நடக்கிற காரியமா சொல்லுங்க?

காசு மிச்சமாகுமா? நேர்மையான பதில்

ஆகாது. ஒரு இன்டி பி.டி.எஃப் பொதுவாக 10 முதல் 20 டாலர். நம்ம காசுக்குப் பெரும்பாலும் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். அதன்மேல் துணி, நூல், ஜிப், பட்டன், பிரின்ட் செலவு, இரண்டு மூன்று நாள் உழைப்பு. ஆன்லைன் ஆஃபரில் 399 ரூபாய்க்கு வரும் டாப்போடு இதைப் போட்டிக்கு நிறுத்தினால் முதல் ரவுண்டிலேயே தோற்றுவிடும்.

ஆனா, அந்த 399 ரூபாய்தான் சரியான விலையானு ஒரு தடவை தைச்சுப் பாருங்க, புரியும். ஒரு காலரை நேராகத் திருப்பி அடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது, ஒரு கையை சுருக்கம் விழாமல் ஆம்ஹோலில் ஏற்ற எவ்வளவு கைப்பழக்கம் வேண்டும் என்று தெரிந்தபின், விலைப்பட்டியை நீங்க பார்க்கும் பார்வையே மாறிவிடும். திருப்பூரிலோ டாக்காவிலோ மெஷினில் உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய நேரம் அந்த விலையில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்கத் தோன்றும்.

அதே கேள்வியை இன்டி உலகத்திடமும் கேட்கணும். ஒரு பேட்டர்ன் விற்பனைக்கு வரும் முன், பல உடல்வாகு கொண்ட 'டெஸ்டர்கள்' அதைத் தைத்துப் பார்த்து, போட்டோ எடுத்து, தவறு சொல்வார்கள். துணியும் அவர்கள் காசு, நேரமும் அவர்களுடையது. பல இடங்களில் கைக்கு வருவது ஒரு இலவச பேட்டர்ன் மட்டும்தான். சிலர் இப்போது சம்பளம் கொடுக்கிறார்கள். 'சமூகம், நட்பு' என்ற பெயரில் இலவச உழைப்பு வாங்கினால், குட்டி கம்பெனி என்பதால் மட்டும் அது நியாயமாகிவிடாது.

பெருசு விழுந்தா சிறுசுக்கு லாபமா?

இப்போ அந்த திவால் கதைக்கு வருவோம். ஜோஆன் விழுந்ததற்குக் காரணம் மக்கள் தையலை விட்டதுதான் என்று சொல்லிவிட முடியாது. கொரோனா நேரத்தில் மாஸ்க், கைவேலை என்று விற்பனை எகிறியது, பிறகு இறங்கியது. அதோடு 2011-ல் ஒரு முதலீட்டு நிறுவனம் வாங்கியதிலிருந்து தலையில் ஏறிய பெரும் கடன். இறங்கும் விற்பனை அந்தக் கடனைத் தாங்கவில்லை.

இந்த நஷ்டம் குட்டி டிசைனர்களையும் தொடும். பேட்டர்னை பி.டி.எஃப்பில் அனுப்பலாம். துணியை அனுப்ப முடியுமா? விரலால் தொட்டு, கசக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்க ஒரு கடை வேணும். சின்ன ஊர்களில் பலருக்கு ஜோஆன்தான் பக்கத்தில் இருந்த ஒரே துணிக்கடை. ஆஃபரில் சில டாலருக்குக் கிடைத்த சிம்ப்ளிசிட்டி கவரை எடுத்து, அங்கேயே துணியும் வாங்கி, முதல் பாவாடையைத் தைத்தவர்கள்தான் பிறகு 18 டாலர் பேட்டர்னுக்கு வருகிறார்கள். அந்த முதல் படிக்கட்டு உடைந்தால் மேல்மாடிக்கு ஆள் எப்படி வரும்?

காலியாகும் இடத்தைப் போலிகளும் பிடிக்கின்றன. ஏ.ஐ வரைந்த அழகான கவுன் படம், இரண்டு டாலர் விலை. டவுன்லோடு செய்தால் உள்ளே ஒன்றோடொன்று பொருந்தாத பீஸ்கள். தப்பிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. நிஜ மனிதர்கள் போட்டிருக்கும் படங்கள், முன்-பின் கோட்டுப்படம், அளவு அட்டவணை, எவ்வளவு துணி வேண்டும் என்ற விவரம் நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் நகர்ந்துவிடுங்கள்.

நம்ம ஊருக்கு இதுல என்ன இருக்கு?

நாம் ஒன்றும் பூஜ்யத்திலிருந்து தொடங்கவில்லை. டெய்லர் அக்காவிடம் அளவு ஜாக்கெட் கொடுத்துத் தைக்கும் வழக்கம் நமக்கு இன்னும் இருக்கிறது. பிளவுஸ் விஷயத்தில் நாம் 'எஸ், எம், எல்' கேட்பதில்லை. 'என் அளவு' என்றுதான் கேட்கிறோம். அதே உரிமையை குர்த்தியிலும் ஜீன்ஸிலும் சட்டையிலும் ஏன் விட்டுக்கொடுத்தோம் என்பதுதான் யோசிக்க வேண்டியது.

ரெடிமேடில் இந்தியாவுக்கென்று பொது அளவுமுறை இல்லாமல், அமெரிக்க, பிரிட்டிஷ் அளவுகளை மாற்றி மாற்றித்தான் பிராண்டுகள் பயன்படுத்தி வந்தன. இதைச் சரிசெய்யத்தான் மத்திய ஜவுளி அமைச்சகமும் 'நிஃப்ட்' நிறுவனமும் 'இந்தியாசைஸ்' திட்டத்தைக் கையிலெடுத்தன. 3டி ஸ்கேனரில் 25,000-க்கும் மேற்பட்டோரை அளப்பது இலக்கு. நல்ல முயற்சி. ஆனால் அட்டவணை எவ்வளவு நல்லதாக வந்தாலும் அது சராசரிதான். ஒவ்வொருவருக்கும் அது அப்படியே பொருந்திவிடாது.

முயற்சி செய்து பார்க்க ஆசையா? இதை மனசில் வைங்க.

* மெஷின் இருக்கும் வீட்டில் உட்காருங்கள். அம்மா, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று கைப்பழக்கம் உள்ள ஒருவர் கூட இருந்தால் பாதி வேலை முடிந்தது.
* பல இன்டி டிசைனர்கள் ஒன்றிரண்டு பேட்டர்னை இலவசமாகவே தருகிறார்கள். முதலில் அதில் கை வையுங்கள். பாவாடை, லூஸ் டாப் போதும்.
* ரெடிமேட் சைஸை மறந்துவிட்டு இன்ச் டேப்பை எடுங்கள். கடையில் 'எம்' போடுபவர் பேட்டர்னில் வேறு எண்ணில் இருக்கலாம். எண் பெரிதாக இருக்கிறதே என்று பதற வேண்டாம்.
* ஏ4-ல் பிரின்ட் எடுக்கும்போது '100% ஸ்கேல்' என்று கொடுங்கள். முதல் பக்கத்தில் இருக்கும் சோதனைச் சதுரத்தை ஸ்கேல் வைத்து அளந்த பிறகுதான் மற்ற பக்கங்கள். ஒட்டப் பொறுமை இல்லையா? வீட்டு பிளான் பிரின்ட் போடும் கடையில் ஏ0 அளவு கேட்டுப் பாருங்கள்.
* நல்ல துணியில் கத்தரி வைக்கும் முன், காடா துணியிலோ பழைய பெட்ஷீட்டிலோ ஒருமுறை தைத்துப் போட்டுப் பாருங்கள். எங்கே இழுக்கிறது, எங்கே தொங்குகிறது என்று அங்கேயே பேனாவால் குறியுங்கள்.

அந்தப் பழைய பெட்ஷீட் டாப்பைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்கும்போது ஒன்று கவனிப்பீங்க. மார்பில் இழுத்தால் "பேப்பர்ல அரை இன்ச் கூட்டணும்" என்றுதான் மனசு சொல்லும். 'வெயிட் குறைக்கணும்' என்ற பேச்சே வராது.

வாரம் ஒரு டிரஸ் தைக்க யாருக்கும் நேரம் இல்லை, தேவையும் இல்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு டாப் தைத்தாலும் போதும். அதுக்கப்புறம் எந்தக் கடையில் எந்த எண் உங்களுக்குப் பொருந்தாமல் போனாலும், அந்த எண்ணை வரைந்தவர் உங்களை அளக்கவே இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.