வாசலைத் தாண்டாத மருமகள்கள்

சன் தொலைக்காட்சியில் திருச்செல்வம் இயக்கிய ‘எதிர்நீச்சல்’ 2022 பிப்ரவரியில் தொடங்கியபோது, எங்கள் திருப்பரங்குன்றத்துப் பெண்கள் பலர் அதைத் தங்கள் வீட்டுக் கதையாகவே பார்த்தனர். படித்தும் அடுப்படியில் முடங்கிய மருமகள்கள், அவர்களை ஏளனத்தாலேயே அடக்கும் ஆதி குணசேகரன் என எல்லாமே அவர்கள் அறிந்தவை. இன்று அதே வீடுகளில் நான் கேட்பது சலிப்பை மட்டுமே: பத்து நாள் பார்க்காவிட்டாலும் கதை அங்கேயேதான் நிற்கிறதாம்.

குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று மறைந்ததே சரிவுக்குக் காரணம் என்பர். அந்த இழப்பு பெரிது; பின்னர் வந்த வேல ராமமூர்த்தியை அவரோடு ஒப்பிடுவதும் தவிர்க்க இயலாததாயிற்று. ஆயினும் தேக்கத்தின் வேர் வேறு. நெடுந்தொடர் விளம்பர வருவாயில் வாழ்கிறது. விளம்பரக் கட்டணத்தைப் பார்வையாளர் புள்ளிகள் தீர்மானிக்கின்றன. புள்ளிகள் இருக்கும்வரை, சிக்கலைத் தீர்ப்பது நட்டம், இழுப்பதே லாபம். ஆகவே மருமகள்கள் வாசலைத் தாண்டுவதும், மீண்டும் உள்ளே இழுக்கப்படுவதுமாகக் காட்சிகள் சுழன்றன. 2024 ஜூனில் முடிந்த தொடர், டிசம்பரில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ எனத் திரும்பியபோதும் அந்தச் சுழல் நிற்கவில்லை.

பெண்ணின் விடுதலையை நாள்தோறும் ஒத்திவைக்கும் கதை, பொறுத்திருப்பதே அவள் விதி என்ற பழைய பாடத்தையே புகட்டுகிறது. அந்தப் பாடத்தை எதிர்க்கப் புறப்பட்ட தொடர் என்பதால்தான் ஏமாற்றம் கூடுகிறது. அத்தியாயங்களின் எண்ணிக்கையை முன்கூட்டியே வரையறுத்துவிட்டுத் தொடரைத் தொடங்கலாம். முடிவை அறிந்து நடக்கும் கதைதான் வழியில் உட்காராது.