தொடர்மாடிகளில் மின்வாகனம்: கட்டணத்தைச் செலுத்துவது யார்?

2020 மார்ச்சில் விதிக்கப்பட்ட வாகன இறக்குமதிக் கட்டுப்பாடு, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே தளர்த்தப்பட்டது. அதன் பின்னர் வந்திறங்கிய வாகனங்களில் மின்சாரக் கார்களும் கணிசமாக இடம்பிடித்துள்ளன. 2022ஆம் ஆண்டு எரிபொருள் வரிசைகளில் நாட்கணக்கில் காத்திருந்த மக்கள் இவற்றை நாடுவதில் வியப்பில்லை. ஆனால், தனி வீட்டுக்காரருக்கு இலகுவான மின்னேற்றம், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை போன்ற பகுதிகளின் தொடர்மாடிகளில் வசிப்போருக்குப் பிணக்காக மாறக்கூடியதாகும்.

காரணம் எளிமையானது. வீட்டுக்குள் எரியும் விளக்குக்குத் தனி மின்மானி உண்டு. கீழ்த்தளத்து வாகனத் தரிப்பிடத்திலுள்ள மின் இணைப்போ பெரும்பாலும் பொது மின்மானியைச் சேர்ந்தது. மின்தூக்கி, நீர்ப்பம்பி ஆகியவற்றுக்கான செலவுடன் அதுவும் மாதாந்தப் பராமரிப்புக் கட்டணத்தில் அனைவர் மீதும் பகிரப்படுகின்றது. ஓய்வூதியத்தை நம்பி வாழும், வாகனமே இல்லாத முதியவர் அயலவரின் பயணச் செலவைச் சுமப்பது எவ்வகையில் நியாயம்?

கணக்கைப் பார்ப்போம். 100 கிலோமீற்றருக்கு 15 அலகு செலவாகும் கார் ஒன்று மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடினால் 150 அலகுகள் தேவை. 300 கிலோமீற்றர் மட்டும் ஓடும் காருக்கு 45 அலகுகள் போதும். இருவரிடமும் ஒரே தொகையை அறவிடுவதும் நீதியாகாது. எனவே, ஒவ்வொரு மின்னேற்றிக்கும் உபமின்மானி பொருத்தி, பாவித்த அலகுக்கு ஏற்ப அறவிடுவதே முறை. அதில் முகாமைத்துவக் குழு இலாபம் தேடவும் கூடாது.

எனினும், அலகுக்கான கட்டணம் பிரச்சினையின் ஒரு பாதியே. 7 கிலோவாற்று மின்னேற்றிகள் பத்து ஒரே வேளையில் இயங்கினால் 70 கிலோவாற்று தேவைப்படும். பழைய கட்டடங்களின் மின்கம்பிகள் இதற்கென அமைக்கப்பட்டவையல்ல. அவற்றை மேம்படுத்தும் செலவு யாருடையது? ஜேர்மனியில் 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் இதற்கு வழிகாட்டுகின்றது. மின்னேற்றி கோரும் உரிமையாளரை அயலவர்கள் மறுத்துவிட முடியாது; ஆனால் செலவு கோரியவருடையது. பின்னர் இணைய விரும்புவோர் உரிய பங்கைச் செலுத்தியே இணையலாம். கலிபோர்னிய மாநிலச் சட்டமும் உரிமையை வழங்கிச் செலவை உரியவரிடமே விட்டுள்ளது.

இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரையிலான குறைந்த கேள்வி நேரத்தில், முறைவைத்து மின்னேற்றினால் கட்டடத்தின் மீதான சுமையும் தணியும், மாலை 6.30 முதல் 10.30 வரையிலான உச்சநேரத்தில் தேசிய மின்கட்டமைப்பின் மீதான அழுத்தமும் குறையும். இதற்கு விலையுயர்ந்த சாதனம் அவசியமில்லை. ஒழுங்கும் இணக்கமுமே அவசியம். மாறாக, மாடியிலிருந்து நீட்சிக் கம்பியைத் தொங்கவிட்டு மின்னேற்றும் பழக்கம் தீ விபத்துக்கு அழைப்பாகும்.

தொடர்மாடி வீடுகளின் உடைமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் வரையப்பட்டபோது இத்தகைய வாகனத்தை எவரும் எண்ணியிருக்கவில்லை. ஆகவே, கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபையும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவும் இணைந்து, உபமின்மானி, கட்டணம், பாதுகாப்பு ஆகியவை பற்றித் தெளிவான வழிகாட்டல்களை வெளியிட வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. முதலாவது கார் வந்து நிற்பதற்கு முன்னரே பொதுக்கூட்டத்தில் பேசி, முடிவை எழுத்தில் பதிந்துகொள்வது நல்லது. ஒரே கூரையின் கீழ் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அயலவராக வாழும் இத்தொடர்மாடிகளில், சில நூறு அலகுகளுக்காக உறவு முறிவது எவருக்கும் இலாபமாகாது. பாவிப்பவர் செலுத்தட்டும்; செலுத்துபவரைத் தடுக்காதிருப்போம்.