பறவைக்கு மாற்றல் உத்தரவா?

கிரேட் நிக்கோபாரில் மெகபோடு என்று ஒரு பறவை, கோழி அளவு. அதன் தெற்குக் கிளையினத்துக்கு அந்தத் தீவையும் அதை ஒட்டிய சில தீவுகளையும் விட்டால் வேறு ஊரில்லை. அடைகாக்கத் தெரியாது. கடற்கரையோரம் மணலும் சருகும் குவித்து மேடு கட்டும். முட்டையைப் பொரிப்பது மேட்டின் சூடு. 2004 சுனாமி அந்த மேடுகளை வாரிக்கொண்டு போயிற்று.

சட்டத்தில் புலியோடு முதல் அட்டவணையில் இடம். ஆனாலும் 2021 ஜனவரியில், துறைமுகத்துக்காக, கலாத்தியா விரிகுடா சரணாலயத்தையே நீக்கத் தேசிய வனவிலங்கு வாரியத்தின் நிலைக்குழு ஒப்புதல் தந்தது. பதிலுக்கு மென்சால் என்ற குட்டித் தீவைச் சரணாலயமாக்கினார்கள். ஆயுசெல்லாம் கோப்பு தள்ளிய குமாஸ்தா நான். மாற்றல் உத்தரவு வந்தால் பெட்டியைக் கட்டுவோம். அந்த மேட்டை எந்தப் பெட்டியில் கட்டுவது, ஐயா?